சனிக்கிழமை அவருடையது, திங்கட்கிழமை என்னுடையது

5 நவம்பர், சனி. கொடைக்கானல்

கட்டிலின் மேல் இரண்டு வாத்துகள் உட்கார்ந்திருந்தன. வெள்ளைத் துண்டை மடித்துச் செய்தவை. மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு, நடுவில் ரோஜா இதழ் வேறு. அறுபதை எட்டப்போகிறவளுக்கு இதைப் பார்த்து வெட்கம் வரலாமா? வந்துவிட்டது. விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் முழுக்க விசில் ஊதி ஆட்டிவைத்த பி.டி. டீச்சர் ஜெயக்கனிக்கு வந்துவிட்டது.

மேஜையில் ஒரு சின்னக் கேக். அதன் பக்கத்தில் ஒரு பலகை: நல்வரவு, திரு. தனுஷ்கோடி, திருமதி கோகிலவாணி.

கோகிலவாணி இவருடைய முதல் மனைவி. தவறி நான்கு வருஷமாகிறது. இந்த ஹாலிடே கிளப்பில் மெம்பராகச் சேர்ந்தது அவர்கள் இருவரும்தான். கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் இருக்கிறது, அது என்ன செய்யும். எங்களுக்கு ரிஜிஸ்தர் கல்யாணம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை என்று அதற்கு யார் போய்ச் சொல்வது. இவர் முகம் வெளுத்துவிட்டது. பலகையை எடுத்து அலமாரிக்குள் ஒளிக்கப் போனார்.

"அங்கனயே வைங்க சார். அவங்க வாரந்தான இது" என்றேன்.

கேக்கை நான்தான் வெட்டினேன். நன்றாகவே இருந்தது. ரிசப்ஷனில் என் பெயருக்கு எதிரே 'கெஸ்ட்' என்று போட்டிருக்கிறார்கள். போடட்டும்.

6 நவம்பர், ஞாயிறு. கொடைக்கானல்

காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால் கீழே ஊரைக் காணோம். மலைக்குக் கீழே இருந்த சமவெளி முழுக்க மேகம். காலுக்குக் கீழே மேகம் கிடக்குமென்று யாராவது சொல்லியிருந்தால் ஏன்டா கதை விடுகிறாய் என்றிருப்பேன். அப்படியே நின்றேன்.

பின்னாலிருந்து "டீச்சர், டீ" என்றார். ஸ்வெட்டரை என் தோளில் போட்டுவிட்டு டம்ளரைக் கையில் கொடுத்தார். இதற்கு முன்னால் எனக்கு யாரும் டீ போட்டுக் கொடுத்தது கிடையாது, கடைக்காரர்களைத் தவிர. மேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேனா, டம்ளரைப் பார்த்தா என்று இன்னும் தெரியவில்லை.

எங்களுக்கு வீடு இல்லை. இதை இந்த டைரியிலாவது நேராக எழுதிவிடலாம். திண்டுக்கல்லில் இவர் கட்டிய வீட்டில் மகன் கதிரேசன் குடும்பத்தோடு இருக்கிறான். "நீங்க எப்ப வேணாலும் வாங்கப்பா. அவங்க வேணாம்" என்று சொல்லிவிட்டான். நான் இருந்தது தவறிப்போன என் முதல் கணவர் பால்பாண்டியின் தம்பி வீட்டு மாடியில். ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து மாலையும் கழுத்துமாகப் போனால் மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது.

ஆனால் ஆளுக்கொரு கிளப் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு வாரம் மலையிலோ கடற்கரையிலோ தங்கலாம் என்று அந்தக் காலத்தில் பால்பாண்டியும் வாங்கினார், இவரும் வாங்கினார். ஆஸ்பத்திரியிலும் துக்கத்திலுமாகப் போகாமல் விட்ட வாரங்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் சேர்ந்து கிடக்கின்றன. அவருடைய கிளப்பில் சனிக்கு நுழைந்து சனிக்கு வெளியேற வேண்டும். என்னுடையதில் திங்களுக்குத் திங்கள். இந்த வாரங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத்தான் குடித்தனம் நடத்துகிறோம்.

வாடகைக்கு ஒரு வீடு பார்ப்போமே என்று ஒருமுறை சொன்னேன். "கொஞ்சம் பொறுங்க டீச்சர். வாடகை வீடு எடுத்துட்டா பையன் வேற நான் வேறன்னு ஆயிரும். அவன் மனசு மாறுவான்" என்றார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

9 நவம்பர், புதன். கொடைக்கானல்

சாப்பாட்டு ஹாலின் சுவரில் பழைய போட்டோக்கள் மாட்டியிருக்கிறார்கள். தங்க வந்தவர்களுக்கு நடத்திய விளையாட்டுகள். அதில் ஒன்றின் முன்னால் இவர் சட்னிக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். சாக்குப் பந்தயம். ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்குக்குள் நின்று ஓடுகிறாள். மற்ற பெண்களெல்லாம் ஒன்று விழுந்து கிடக்கிறார்கள், இல்லை சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறாள். பக்கத்தில் மீசை அரும்பாத ஒரு பையன் கைதட்டிக்கொண்டே கூட ஓடுகிறான். முகமெல்லாம் சிரிப்பு.

"கோகிலாவா?"

"ம். அவன் கதிரேசன்."

நான் நெருங்கிப் பார்த்தேன். எல்லாரும் சாக்குக்குள் தவளை மாதிரி குதிப்பார்கள், விழுவார்கள். இந்தம்மா சாக்கின் இரண்டு மூலையிலும் பாதத்தை ஊன்றி அடி வைத்து ஓடியிருக்கிறாள். இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க எனக்குத் தொண்டை கிழிந்திருக்கிறது. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தோசை ஆறிப்போயிற்று.

நல்ல பெண். அந்தப் பையன் அப்படிச் சிரிப்பான் என்று நான் நினைத்ததே இல்லை.

12 நவம்பர், சனி. போடி

சனிக்கிழமை வெளியே அனுப்பிவிட்டார்கள். என் கிளப் திங்கட்கிழமைதான் கதவைத் திறக்கும். இடையில் போடியில் ஒரு லாட்ஜ். கவுண்டரில் இருந்தவன் எங்களை மேலும் கீழும் பார்த்தான். கல்யாண சர்டிபிகேட்டை எடுத்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன். இவர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

14 நவம்பர், திங்கள். மூணாறு

என் கிளப்பில் வாத்து கிடையாது, யானை. துண்டில்தான் செய்திருக்கிறார்கள், தும்பிக்கை கொஞ்சம் தொங்குகிறது. பலகையில்: நல்வரவு, திரு. பால்பாண்டி, திருமதி ஜெயக்கனி. இங்கே இவர் கெஸ்ட்.

இந்த முறை கேக்கை அவர் வெட்டினார். பால்பாண்டி பெயர் போட்ட பலகையை நான் எடுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை.

16 நவம்பர், புதன். மூணாறு

ராஜமலைக்குப் போனோம். பாறையைச் சுற்றித் திரும்பினால் பாதையின் நடுவில் ஒரு வரையாடு நிற்கிறது. கை நீட்டினால் தொடலாம். கொம்பு பின்னால் வளைந்து, கண் இரண்டும் சோழி மாதிரி. என்னை ஒரு பார்வை பார்த்தது. பள்ளிக்கூடத்தையே முட்டி போடவைத்த நான் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டேன். பிறகு அது நேர்ச்சுவர் போன்ற பாறையில் இறங்கிப் போனது, நாம் மாடிப்படி இறங்குகிற மாதிரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று அப்படி.

இவருக்கு ஆட்டைவிட எதிர்மலையில் போகிற மின்கம்பிதான் அதிசயம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். "இந்தப் பள்ளத்தத் தாண்டி எப்படி இழுத்திருப்பாங்க டீச்சர்? ஆளு தோள்லதான் கம்பியத் தூக்கிருப்பான்" என்று கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்க முன்னமே வந்திருக்கீங்கள்ல?" என்று கேட்டார்.

வந்திருக்கிறேன். பல முறை. பால்பாண்டி கிளப் ஹாலில் சீட்டாடுவார். ரூம் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும், அவர் வருகிறவரை நான் ரூமில் இருப்பேன். ஜன்னல் வழியே பக்கத்துக் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரியும். இந்த மூணாற்றில் மலை இருக்கிறது என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரியும்.

"வந்திருக்கேன் சார். அப்ப இவ்வளவு நல்லால்ல" என்றேன்.

20 நவம்பர், ஞாயிறு. மூணாறு

அவரிடம் இன்னும் ஒரே வாரம், என்னிடமும் ஒரே வாரம். அடுத்தடுத்து வைத்துக்கொண்டால் டிசம்பர் பாதி வரை ஓட்டலாம் என்பது என் எண்ணம்.

டிபன் சாப்பிட்டுவிட்டு இவர் மென்று முழுங்கினார். "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம பண்ணிட்டேன். ஏற்காடு புக் பண்ணிருக்கேன். இருபத்தாறாந் தேதியில இருந்து."

எனக்குக் கையிலிருந்த ஆப்பம் நழுவிவிட்டது. நானும் அவரிடம் சொல்லாமல் ஏற்காடுதான் புக் பண்ணியிருக்கிறேன். இருபத்தெட்டிலிருந்து.

ஏற்காட்டில்தான் போன வருஷம் நாங்கள் பார்த்துக்கொண்டோம். அந்த இடம் மட்டும் இரண்டு கிளப்புக்கும் பொது. வாரம் வீணாகப் போய்விடுமே என்று தனியாக வந்தவர் அவர், அதே காரணத்துக்குத் தனியாக வந்தவள் நான். தம்போலா ஆடும்போது என் அட்டையில் அடிக்க விட்டுப்போன நம்பரை எட்டிப் பார்த்துச் சொன்னார். அடுத்தவர் அட்டையை எதற்குப் பார்க்கிறீர்கள் என்று சண்டை பிடித்தேன். அப்படித் தொடங்கியது.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரே சமயத்தில் இரண்டு காட்டேஜ், ஒரு வாரம் அநியாயமாகப் போயிற்று. இனி ரத்து செய்தாலும் திரும்ப வராது, கிளப் சட்டம் அப்படி. "சர்ப்ரைஸ் பண்றேன்னு இப்படிப் பண்ணிட்டனே" என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நானுந்தானே பண்ணினேன். அழுகை வந்தது. ஒரு வாரம்தானே என்று யாராவது சொல்லட்டும், பல்லைக் கழற்றிவிடுவேன்.

21 நவம்பர், திங்கள். தேனி

ஏற்காட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. திண்டுக்கல்லில் பேரனுக்குக் காதுகுத்து, தாத்தா போகாமல் இருக்க முடியாது. என்னை வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார். நான்தான் போய்வாருங்கள் என்று அனுப்பினேன். எனக்குத் தேனியில் ஸ்டெல்லா டீச்சர் வீடு இருக்கிறது. கூட வேலை பார்த்தவள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. பை கனமாக இருந்தது.

22 நவம்பர், செவ்வாய்

துணி துவைத்தேன். நகம் வெட்டினேன். போன் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

23 நவம்பர், புதன்

போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தால் கிரெடிட் கார்டு வேண்டுமா என்கிறாள் ஒருத்தி. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள், பாவம்.

24 நவம்பர், வியாழன்

பேசினார். காதுகுத்து நன்றாக நடந்ததாம். சாப்பிட்டீர்களா, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவருக்குப் பின்னால் யாரோ, "நல்ல தண்ணி தினமும் வருங்க, வெயில்கூட அவ்வளவா எறங்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விசேஷ வீட்டில் பந்தல்காரர்களாக இருக்கும். "அப்புறம் பேசறேன் டீச்சர்" என்று வைத்துவிட்டார்.

சொந்த வீட்டில் இருக்கும்போது யாருக்கும் அவசரம்தான்.

26 நவம்பர், சனி. ஏற்காடு

சேலத்திலிருந்து தனியாக பஸ் ஏறி மத்தியானமே வந்துவிட்டேன். இது அவருடைய வாரம். மெம்பர் வராமல் கெஸ்டுக்குச் சாவி தரமாட்டார்களாம். ரிசப்ஷன் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். லாபியில் உட்கார்ந்தேன். மீன்தொட்டியில் இருந்த மீனெல்லாம் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வரமாட்டார் என்று ஒரு கட்டத்தில் முடிவே பண்ணிவிட்டேன். கோபம்கூட வரவில்லை. இவ்வளவு நாள் கிடைத்ததே என்று இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கி என்னைப் பார்த்து அரக்கப்பரக்க வந்தார். "வர்ற வழியில டயர் பஞ்சர் டீச்சர். போனு வேற செத்துப்போச்சு." காரை ஓட்டிவந்தது கதிரேசன். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ரிசப்ஷனில் ஏதோ பேசிவிட்டுப் போய்விட்டான்.

என் கையை இவர் விடவே இல்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வேண்டாமா.

27 நவம்பர், ஞாயிறு. ஏற்காடு

காலையில் வெந்நீர் வரவில்லை என்று சொல்லப் போனேன். ரிசப்ஷன் பெண் போகிற போக்கில் சொன்னாள்: "மேடம், சாரோட சன் அடுத்த சனிக்கிழமை கார் கொண்டு வர்றாராம். லக்கேஜ் எல்லாம் ரெடியா வெக்கச் சொன்னாரு."

வெந்நீர் வந்துவிட்டது. குளித்தேன்.

28 நவம்பர், திங்கள். ஏற்காடு

இன்று என் வாரமும் தொடங்கியது. பக்கத்துக் காட்டேஜையே கொடுத்திருக்கிறார்கள். ஒரு கதவில் தனுஷ்கோடி, கோகிலவாணி. அடுத்த கதவில் பால்பாண்டி, ஜெயக்கனி. மூடுபனி இரண்டு கதவுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. நாங்கள் புல்தரையில் நின்று பார்த்தோம். உயிரோடு இல்லாதவர்களுக்கும் கேக் வைத்து, துண்டு மடித்து, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"நம்ம இதுல இருப்போம். அதுல அவங்க ரெண்டு பேரும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார், விளையாட்டாகத்தான்.

"அந்தப் புண்ணியவதிய அந்த ஆளோட ஒரே ரூம்ல விடமாட்டேன்" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. இவர் என்னையே பார்த்தார். பிறகு போய் இரண்டாவது கதவின் பலகையைக் கழற்றி, முதுகு தெரிகிற மாதிரி கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். மூணாற்றில் நான் செய்ததைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

30 நவம்பர், புதன். ஏற்காடு

பகோடா பாயிண்டில் பனி விலகி, கீழே ஊரும் வயலும் ரோடும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உலகத்தை இப்போதுதான் செய்து வைக்கிறார்கள் என்று தோன்றியது. கையெடுத்துக் கும்பிட்டேன். கோயிலில்கூட இப்படிக் கும்பிட்டதில்லை.

சனிக்கிழமையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கேட்டால் மகனோடு போகிறேன் என்று சொல்லிவிடுவார். அதனால் கேட்கவில்லை.

2 டிசம்பர், வெள்ளி. ஏற்காடு

பெட்டி கட்டினார். என் சேலைகளையும் அவர் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். மறதி. எடுத்து என் பையில் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வந்து, தண்ணீர் குடித்தார்.

அவர் தூங்கும்போது இடது கை தலையணைக்கு அடியில் போய்விடுகிறது. மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

3 டிசம்பர், சனி. திண்டுக்கல்

ஊர்ப் பெயரை எழுதியபோது கை நின்றது. வரிசையாக எழுதுகிறேன்.

சொன்னபடி கதிரேசன் கார் கொண்டுவந்தான். இவர் கணக்கை முடிக்க ரிசப்ஷனுக்குப் போயிருந்தார். நான் காட்டேஜ் வாசலில் நின்றேன், அவன் கார்ப் பக்கத்தில் நின்றான். சும்மா நிற்கப் பிடிக்கவில்லை. இனிமேல் பார்க்கப்போவதில்லையே, சொல்லிவிடலாம் என்று சொன்னேன்.

"கொடைக்கானல்ல உங்க அம்மா போட்டோ பாத்தேன் தம்பி. சாக்குப் பந்தயம். எல்லாரும் குதிச்சாங்க, அவங்க மட்டும் மூலையில பாதத்த வச்சு ஓடுனாங்க. என் சர்வீஸ்ல அப்படி ஒரு ஆளப் பாத்ததில்ல."

"பிராக்டிஸ் பண்ணுனாங்க. ரூம்ல தலகாணி உறையப் போட்டுக்கிட்டு. நான்தான் விழாமப் பிடிச்சுக்கிட்டேன்" என்றான். சொல்லிவிட்டுக் கார்க் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

இவர் வந்தார். என் பையைத் தூக்கிக் காரில் வைத்தார்.

"அது என் பை சார்" என்றேன்.

"தெரியுது."

"நான் எங்க வர்றேன்? எனக்கு இன்னும் திங்கக்கிழமை வரைக்கும் இருக்கு."

"அதான் டீச்சர், அந்த ரெண்டு நாளு வீணாப் போகுமேன்னு நானும் யோசிச்சேன். மார்கழி பொறந்துட்டா பால் காய்ச்ச முடியாது, நாளைக்கு விட்டா நல்ல நாளும் இல்ல." சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். "நாகல் நகர்ல. மாடி போர்ஷன். தண்ணி நல்ல தண்ணி. அன்னைக்கு ஆப்பத்த நழுவ விட்டு அழுதீங்கள்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன். வாரம் வாரமா இனி வேணாம்னு. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

இந்த மனுஷனை என்ன செய்வது? ஒரு வாரமாக நான் செத்துப் பிழைத்திருக்கிறேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், மகன் இருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல். சர்ப்ரைஸ் என்று இனி ஒரு தடவை சொன்னால் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவேன் என்றேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டி முடித்த பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ரெண்டு நாள் போனால் போகட்டும் என்றேன். என் வாழ்க்கையில் எதையாவது வீணாகப் போகட்டும் என்று நான் சொன்னது இதுதான் முதல்முறை.

நாகல் நகரில் கதிரேசன் சாமானை வாசல் வரை தூக்கி வைத்தான். உள்ளே வரவில்லை. வா என்று இவரும் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது டிக்கியைத் திறந்து ஒரு துணிமூட்டையை எடுத்து என் பக்கமாக நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மாவோட குக்கர். வீட்டுல சும்மாதான் கெடக்கு, வீணா" என்றான். காரில் ஏறிய பிறகு, "விசில் கொஞ்சம் லூசா இருக்கும், பாத்துக்கங்க டீச்சர்" என்றான்.

4 டிசம்பர், ஞாயிறு. திண்டுக்கல்

விடிவதற்கு முன் எழுந்தோம். கட்டில் இல்லை, பாய்தான். இவர் குளித்த துண்டை மடித்து வாத்து செய்து பார்த்தார். கத்தரிக்காய் மாதிரி வந்தது. அப்படியே பாயில் வைத்திருக்கிறார்.

பால்காரர் படியேறி வந்து, "புதுசா வந்திருக்கீங்களா, எத்தன நாளைக்கு ஊத்தணும்?" என்று கேட்டார். சனியா, திங்களா என்று மனசு தேடுகிறது.

"தெனமும்" என்று உள்ளேயிருந்து இவர் சொன்னார்.

பால் காய்ச்சப் பாத்திரம் வாங்க மறந்துவிட்டோம். கோகிலாவின் குக்கரைக் கழுவி அதிலேயே ஊற்றினேன். மூடவில்லை. இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் நின்று, முதன்முதலில் பார்க்கிறவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்தில் நுரை கட்டி, நடுவில் குமிழ் விட்டு, திடீரென்று விளிம்புக்கு ஏறியது. அடுப்பை அணைக்க நான் கை நீட்டினேன். "இருக்கட்டும், வழியட்டும்" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வழிந்தது. அடுப்பைத் துடைக்கத் துணி தேடினேன், அந்தக் கத்தரிக்காய்தான் கிடைத்தது.